கம்பளி நூலும் சில மயக்க ஊசிகளும்

காட்டு விலங்குக்கு மயக்க ஊசி போடும் துப்பாக்கி என்றால் இன்றைய இளம் டாக்டர்களுக்கு அது டென்மார்க்கிலிருந்து நுரைமெத்தை வைத்த பெட்டியில் வந்து இறங்கும் நேர்த்தியான சாமான். கேஸ் அழுத்தத்தைக் காட்ட ஒரு மீட்டர், குறிபார்க்கத் தொலைநோக்கி, தூரத்தைச் சொல்லத் தனியாக ஒரு லேசர் கருவி. எங்கள் காலத்தில் (இப்படி ஒருவன் ஆரம்பித்தாலே அவனுக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கி ரொம்ப நாளாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்) சிறுத்தைக்கு ஊசி வேண்டுமென்றால் முதல்நாள் ராத்திரி குவார்ட்டர்ஸ் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாங்களே செய்துகொள்வோம். இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை வெட்டி ஒன்றாக ஒட்டினால் முன்னறையில் மருந்து, பின்னறையில் அழுத்திய காற்று. ஊசியின் முனையை அடைத்து, பக்கவாட்டில் அரத்தால் ஒரு சிறு துளை போட்டு, அந்தத் துளைமேல் சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டை மாட்டிவிட வேண்டும். ஊசி தோலில் பாயும்போது ரப்பர் பின்னுக்கு நகரும், துளை திறக்கும், காற்று மருந்தை உள்ளே தள்ளிவிடும். அலுமினியக் குழாயில் வைத்து வாயால் ஊதினால் போதும். சத்தம் கிடையாது, புகை கிடையாது.

ஆனால் வால் இல்லாத ஊசி நேராகப் பறக்காது. அதற்குக் கம்பளி நூல் வேண்டும். கம்பளி நூலுக்கு இன்டென்ட் போட்டால் தணிக்கைக்காரர் கேள்வி கேட்பார் என்பதால், என் மனைவி எனக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் சிவப்பு நூற்பந்திலிருந்து அவ்வப்போது ஒரு முழம் வெட்டிக்கொள்வேன். அந்த ஸ்வெட்டரின் இடது கை கடைசிவரை முழங்கைக்குக் கீழே இறங்கவேயில்லை. இன்று பெட்டியில் வரும் ஊசிகளுக்கும் சிவப்பு வால்தான் இருக்கிறது. விலையை ஒருமுறை கேட்டேன், மறுமுறை கேட்கவில்லை.

டாப்ஸ்லிப் ஏறிய அந்தப் பையனை, அதாவது என்னை, நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. 1980களின் தொடக்கம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் கத்தி பிடிக்கப் படித்துவிட்டு, கால்நடைத் துறையிலிருந்து வனத்துறைக்கு இரவல் கொடுக்கப்பட்டு, பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக முக்கி முனகி ஏறும் பேருந்தில் மடியில் தோல்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பைக்குள் சலவை செய்து மடித்த வெள்ளைக் கோட்டு. கோழிகமுத்தி யானை முகாமில் முதல் நாளே அதை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் தொங்க, முதுகில் சீழ்க்கட்டியோடு நின்ற ஒரு பெண்யானையை நோக்கி நடந்தேன். மலசர் இனத்து மூத்த மாவுத்தர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டாக்டருங்க, அந்த வெள்ளச் சட்டையக் கழட்டி வெச்சுப்போட்டு வாங்க. அவளுக்குப் புதுசா எதையாச்சும் கண்டா ஆகாதுங்க" என்றார். கழற்றினேன். அந்தக் கோட்டு பிறகு என் வீட்டில் இஸ்திரி மேசை விரிப்பாக நெடுங்காலம் உழைத்தது.

அவர் அவளிடம் ஏதோ சொன்னார், அவள் பக்கவாட்டில் படுத்துக்கொடுத்தாள். முதுகுத் தோல் ஓர் அங்குலத் தடிமன். கல்லூரியில் பழகிய கத்தியின் அலகு அதில் வளைந்து நின்றது. திறந்து, சீழை வடியவிட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த வாளி வாளியான தண்ணீரால் கழுவி, வேப்பெண்ணெயில் நனைத்த நாடாத் துணியை உள்ளே திணித்து வைத்தோம். மறுநாளும் அதே வேலை, அதற்கு மறுநாளும். யானைத்தோல் அவசரக்காரத் தோல். உள்ளே சீழ் இருக்கும்போதே வெளியே ஆறி மூடிக்கொள்ளும், சில அலுவலகக் கோப்புகளைப் போல. அதனால் ரணத்தின் வாயைத் திறந்தே வைத்து அடியிலிருந்து ஆறவிட வேண்டும். புழு வைத்துவிட்டால் டர்பன்டைன் பஞ்சு. இதெல்லாம் முடிந்து ஓடைக்கரையில் மூன்று கல்லடுப்பில் மாவுத்தரின் உதவியாளான காவடிப் பையன் வெல்லம் தட்டிப்போட்டுக் காய்ச்சும் தேநீர் வருமே, அந்தத் தேநீரில் லேசாகப் புகையும் யானையும் மணக்கும். இப்போது முகாமுக்குப் போனால் காகிதக் கோப்பையில் இஞ்சி டீ தருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

முகாம் யானை சொன்னால் படுக்கும். காட்டு யானையிடம் யார் போய்ச் சொல்வது? மயக்க மருந்துக்கு முதலில் எடை தெரிய வேண்டும், எடைமேடையில் ஏறி நிற்கிற சுபாவம் அதற்குக் கிடையாது. எனவே அது நடந்துபோன ஈரமண்ணைத் தேடிப்போவோம். முன்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம், ஏறக்குறைய சரியாக வரும்; அந்த உயரத்திலிருந்து எடையை ஊகிப்போம். அட்டை ஏறாமலிருக்கக் காலுறைக்குள் புகையிலைத் தூளைத் தூவிக்கொண்டு, மழையில் மை கரையும் என்பதால் பென்சிலால் நோட்டில் பெருக்கல் போட்டுக்கொண்டு குந்தியிருக்கும் எனக்கு அப்போது ஷெர்லக் ஹோம்ஸ் என்று நினைப்பு. நான் நூலை எடுப்பதற்கு முன்பே மாவுத்தர் எட்டத்தில் நின்று, "ஒன்பதடி இருப்பானுங்க, மதம் வடிஞ்சு நாளாச்சு, பின்னங்காலு ஒண்ணு நோவுதுங்க" என்று சொல்லியிருப்பார். அளந்து பார்த்தால் ஒன்பதடிதான். இன்றைக்கு டிரோன் மேலே பறந்து படம் எடுத்து அனுப்புகிறது. ராத்திரியில் உடல் வெப்பத்தை வைத்தே யானையைத் திரையில் காட்டிவிடுகிறது. பின்னங்கால் நோவதை அதுவும் காட்டும், படத்தை யாராவது உட்கார்ந்து பார்த்தால்.

மருந்துகளின் கதை தனி. சைலசினும் கெட்டமினும் கலந்த கலவைக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஹெலாபுருன் விலங்குக் காட்சிசாலையின் பெயர். நாங்கள் பயன்படுத்தியதில் பெரும்பங்கு அந்த வகைதான். எட்டார்ஃபின் என்ற மருந்து வெளிநாட்டிலிருந்து அபூர்வமாக வரும். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம்; சில சொட்டில் யானை சாயும், தவறி மனிதன் கையில் கீறல் பட்டாலே போதும், ஆள் காலி. ஆகவே மருந்தை உறிஞ்சுவதற்கு முன்னால் மாற்றுமருந்தை ஒரு சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். யானைக்கல்ல, டாக்டருக்கு. சுற்றிலும் வேறு மருத்துவர் இல்லாத காட்டில் அந்த ஊசியை யார் எனக்குப் போடுவது? காவடிப் பையனுக்கு வாழைத்தண்டில் குத்திப் பழகக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொண்டவன் அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் மிகுந்த ஆவலோடு என் பக்கத்திலேயே நிற்பான். "இன்னைக்காச்சும் உங்களுக்குப் போட வேண்டி வருமுங்களா டாக்டரே?" என்று கேட்பான். கடைசிவரை அவனுக்கு அந்தப் பாக்கியத்தை நான் கொடுக்கவில்லை.

ஊசி பட்ட யானை உடனே நின்றுவிடாது. ஓடும். சரிவில் ஓடும், ஓடைக்குள் ஓடும், அதன் பின்னால் நாங்கள் ஓடுவோம், ஏனென்றால் யானை எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்பதில் அதன் உயிர் இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் பிழைக்கும். நெஞ்சு தரையில் அழுந்தக் குந்திவிட்டால் ஆபத்து. யானையின் நுரையீரல் நெஞ்சுக்கூட்டின் சுவரோடு ஒட்டியிருக்கிறது, நெஞ்சும் உதரவிதானமும் அசைந்தால்தான் மூச்சு. அதனால்தான் பழக்கிய கும்கி யானைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் நோயாளியை நின்றவாக்கிலேயே வைத்துக்கொள்ளப் பார்ப்போம். இரண்டு கும்கிகளுக்கு நடுவே புகுந்து, ஒன்றின் வாலும் மற்றொன்றின் தந்தமும் உரச, தும்பிக்கைத் துளை அடைபடாமல் ஒருவன் பிடிக்க, ஒருவன் காதில் தண்ணீர் ஊற்றி உடம்புச் சூட்டைத் தணிக்க, நான் தொடையிலிருந்து நாட்டுத்துப்பாக்கியின் ஈயக்குண்டைத் தோண்டி எடுத்துக்கொண்டிருப்பேன். எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் அறுவை மேசை கிடையாது. தானாக யோசிக்கும், நாம் தடுமாறினால் ஓர் அடி நகர்ந்து இடம்கூடக் கொடுக்கும்.

முடிந்தபின் காத்திருப்பு. மயக்கத்தை முறிக்க யோஹிம்பின் கைக்கு வராத நாட்களில், மருந்து தானாக இறங்கும்வரை மணிக்கணக்கில் உட்கார வேண்டும். எட்ட ஒரு நெருப்பு, அதில் சுட்ட கிழங்கு, மாவுத்தர்களின் பழைய சண்டைகள், யானையின் மூச்சை எண்ணச் சொல்லி என் நச்சரிப்பு. அந்த வயதில் நான் அதை அலுப்பு என்றுதான் நினைத்தேன். நைட் அலவன்ஸ் எவ்வளவு வரும் என்றுகூடக் கணக்குப் போட்டிருக்கிறேன். யோஹிம்பின் வந்தபின் காதின் பின்புற ரத்தநாளத்தில் ஒரு ஊசி, சில நிமிடங்கள், யானை எழுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் நாம் பெட்டியையும் உயிரையும் எடுத்துக்கொண்டு மரத்துக்கோ ஜீப்புக்கோ போய்விட வேண்டும். யானைக்கு இது மிகமிக நல்லது. பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கனவிலும் சொல்லமாட்டேன். கிழங்கு மட்டும் போயிற்று.

தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை சுருக்கில் மாட்டும். பன்றிக்கு வைத்த கண்ணிதான். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஒயர் இடுப்பைச் சுற்றி இறுகி, இழுக்க இழுக்கத் தோலுக்குள் புதையும். கெட்டமின் கொடுத்தால் பூனைக் குடும்பத்துக்குக் கண் மூடாது. தூங்கும்போதும் நம்மையே முறைத்துக்கொண்டிருக்கும். கண்ணில் களிம்பு தடவி, துணியால் மூடி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒயரை அறுத்து, தசையை அடுக்கடுக்காகத் தைத்து முடிப்போம். விளக்கைப் பிடித்திருக்கும் தோட்டத் தொழிலாளியின் கை நடுங்கும், வெளிச்சமும் நடுங்கும், என் தையலும் கொஞ்சம் கோணும். சுற்றி நிற்கிற லைன்வீட்டுப் பெண்கள் குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் நிற்பார்கள். இன்று அதே இடத்தில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஐம்பது கைபேசிகளின் விளக்கு. நடுங்காத, வெள்ளையான, நல்ல வெளிச்சம். கூடவே ஐம்பது பேரும் பேசுகிறார்கள்.

இந்த வேலையில் எங்களுக்கெல்லாம் மேலே ஒரு பெயர் உண்டு: டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, காட்டில் எல்லோருக்கும் டாக்டர் கே. 1998-இல் கூடலூர்ப் பக்கம் பலரைக் கொன்றிருந்த தந்தமில்லாத ஒரு மக்னா ஆண்யானையைச் சுட்டுத் தள்ளாமல் உயிரோடு பிடித்துத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பெங்கும் ரணத்தோடு வந்த அதற்கு அவர் வைத்தியம் பார்த்தார். தேறிய யானைக்கு அவர் பெயரையே சுருக்கி மூர்த்தி என்று வைத்தார்கள். 2002-இல் அவர் போனார். மூர்த்தி 2023 வரை சாதுவாக அதே முகாமில் இருந்தது. 2011-இல் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வந்தபிறகு எனக்கு ஒரு புதுச் சங்கடம். கல்யாண வீடுகளில் யாராவது என்னைக் காட்டி "இவர் யானை டாக்டர்" என்றுவிடுவார்கள், கேட்டவர் முகத்தில் சட்டென்று ஒரு பக்தி ஏறும். நான் அவரில்லை, அவர் காலமாகிவிட்டார், நான் நைட் அலவன்ஸ் கணக்குப் போட்டவன் என்று விளக்கி முடிப்பதற்குள் பந்தியில் ரசம் வந்துவிடும்.

அப்போது அனுமதி தந்தியில் வரும். தலைமை வன உயிரினக் காப்பாளர் சென்னையில் கையெழுத்திட்டு, தந்தி பொள்ளாச்சியில் இறங்கி, ஆள் மலையேறி வந்து சேரும்போது, சில சமயம் யானை தானே குணமாகிப் போயிருக்கும், சில சமயம் செத்திருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் நொடியில் வருகிறது. அதன் பின்னாலேயே கேள்விகளும் வருகின்றன: ஊசி போட்டாயிற்றா, ஏன் இன்னும் போடவில்லை, போட்டால் ஏன் எழவில்லை, எழுந்தால் ஏன் போகவில்லை. 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைத் தேனி மாவட்டத்தில் பிடித்து லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனபோது, தும்பிக்கையில் காயத்தோடு மயக்கத்தில் நின்ற அந்த யானையின் பயணத்தை மாநிலமே வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. நானும் பார்த்தேன். வெயிலில் லாரியின்மேல் தண்ணீர் பீய்ச்சியபோது என்னை அறியாமல் "காதுல ஊத்துப்பா, காதுல" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். என் மனைவி வால்யூமைக் குறைத்தாள்.

2024-இல் மருதமலை அடிவாரத்தில் ஒரு தாய்யானை குட்டி பக்கத்தில் நிற்கப் படுத்துவிட்டது. கிரேன் வந்தது. பெல்ட் போட்டுத் தூக்கி நிறுத்தி, நாள்கணக்கில் மருந்தேற்றி, கடைசியில் அது தன் காலிலேயே காட்டுக்குள் போனது. எங்கள் நாளில் அப்படிப் படுத்த காட்டு யானைக்கு அருகில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருப்பதைத் தவிர எங்களால் பெரிதாக எதுவும் முடிந்ததில்லை. மறுவருஷம் மே மாதம் அதே மருதமலையில் இன்னொரு பெண்யானை. கிரேன், கும்கி, தண்ணீரில் மிதக்கவைத்துச் சிகிச்சை கொடுக்கத் தற்காலிகக் குட்டை, எல்லாமே இருந்தன, பிழைக்கவில்லை. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் இறந்த சிசுவும் பிளாஸ்டிக் குப்பையும். நான் கோடரியும் கத்தியுமாக யானை வயிற்றுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பரிசோதித்த காலத்தில் புல், மூங்கில், மரப்பட்டை, பழக்கொட்டை என்று நான்கு வார்த்தைகளைக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதியாக எழுதினால் அறிக்கை முடிந்துவிடும். இப்போது எழுதுகிற பிள்ளைகள் பாவம், பிஸ்கட் உறையின் கம்பெனிப் பெயரைக்கூட வாசிக்க வேண்டியிருக்கிறது. வாயில் அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடி வெடித்துத் தாடை சிதறிய யானைக்கு எந்த டென்மார்க் துப்பாக்கி என்ன செய்யும்? அது தின்ன முடியாமல் மெலிந்துகொண்டே போகும். நம் கருவிகள் எவ்வளவு வேகமாக முன்னேறினவோ, காயங்களும் பின்தங்காமல் கூடவே முன்னேறி வந்திருக்கின்றன.

மாறாதது பலாப்பழம் ஒன்றுதான். கிட்டே போக முடியாத காட்டு யானைக்கு மருந்து கொடுக்க, நான் வந்த காலத்திலும் பலாவைப் பிளந்து மாத்திரையை உள்ளே வைத்து வழியில் போட்டுவிட்டு ஒளிந்திருந்தோம். யானை வந்து, நிதானமாகச் சுளைகளைத் தின்று, மாத்திரையை மட்டும் துல்லியமாகத் தரையில் துப்பிவிட்டுப் போகும். மசினகுடியில் முதுகில் ஆறாத ரணத்தோடு திரிந்த ஆண் யானைக்கும் முதலில் பழத்தில் வைத்துத்தான் மருந்து கொடுத்தார்கள். பிறகு யாரோ எரியும் பொருளை அதன் காதின்மேல் வீசினார்கள். 2021 ஜனவரியில் தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் லாரியிலேயே இறந்தது. வனக்காவலர் ஒருவர் அதன் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அழுத காட்சியை நாடே பார்த்தது. எங்கள் காலத்திலும் காவலர்கள் அழுதார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

இப்போது காட்டு யானை எங்கே இறங்கினாலும் சாயங்காலம் எனக்கு ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்துவிடுகிறது. தலைமுடியை வாரிக்கொண்டு, பின்னால் புத்தக அலமாரி தெரிகிற மாதிரி பேத்தி கைபேசியைச் சாய்த்து வைப்பாள். போன தடவை நெறியாளர் பெண் பரபரப்பாக, "சார், நேரலையில் இருக்கீங்க, நேரம் குறைவா இருக்கு, இந்த நிமிஷம் யானையோட மனசுல என்ன ஓடிக்கிட்டு இருக்கும்?" என்று கேட்டாள். தடம், மதநீர், பின்னங்கால் என்று அந்த மாவுத்தர் அடுக்கியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. எதையும் அந்த நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாது. "பசிக்குதும்மா, வேறென்ன" என்றேன். திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் உடனே ஓடியது: யானைக்குப் பசி, மூத்த நிபுணர் அதிர்ச்சித் தகவல். பேத்தி அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டாள். அரைமணி நேரத்தில், முன்னொரு காலத்துக் காவடிப் பையன், இப்போது அவனும் ஓய்வுபெற்ற மாவுத்தர், எங்கிருந்தோ போன் செய்தான். "டிவியில பாத்தனுங்க டாக்டரே. நல்லாத்தான் சொன்னீங்க. அந்த ஊசி இன்னும் வெச்சிருக்கீங்களா?"